தைலம்மை, வயது 22

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முந்தைய நாள் காலையில், ஹேமலதா வீட்டுச்சாமி பூவாடைக்காரியின் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மூங்கில் பெட்டி. வருடம் முழுக்க சாமியறை உத்தரத்தில் தொங்கும். ஆடியில் ஒருமுறைதான் தரையைத் தொடும். உள்ளே போன வருடம் வைத்த சேலை, காய்ந்த மஞ்சள், ஒரு ஜோடி வெள்ளி மெட்டி. வெள்ளிக்கிழமை படையல் போட்டுப் புதுச்சேலையைப் பெட்டியில் வைப்பார்கள். பழையதை வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கட்டிவிடுவார்கள். இந்த வருடம் தென்றலுக்கு என்று முடிவாகியிருந்தது. கட்டிய சேலையோடு அவளைப் பெரம்பலூரில் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்றும் முடிவாகியிருந்தது. இரண்டு முடிவுகளின்போதும் ஹேமலதா அடுப்படியில் இருந்தாள். தென்றல் அவளுடைய ஒரே மகள்.

தென்றல் வந்து மூன்று மாதமாகிறது. சித்திரை வெயிலில் கையில் ஒரு பை கூட இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தாள். புருஷன் சரத்குமார் அறைந்ததில் இடது காதின் சவ்வு கிழிந்திருந்தது. தானாகக் கூடிவிடும் என்றார் திருச்சி டாக்டர். கூடவில்லை. இப்போது அவளிடம் பேசுகிறவர்கள் வலது பக்கமாகப் போய் நின்று பேசினார்கள். சொன்னதெல்லாம் ஒன்றேதான். உரக்கடை வைத்திருக்கிறான், குடிக்கிறவன் இல்லை, ஒரு கோபத்தில் கை நீண்டுவிட்டது.

"காதுக்கு ஒரு வழி பண்ணிட்டாவது அனுப்பலாமே" என்று ஹேமலதா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"பூவாடைக்காரி உசுர வுட்டாளே ஒழிய வூட்ட வுடல" என்றாள் மாமியார் பூங்காவனம்.

அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு ஹேமலதாவிடமும் இதையேதான் சொன்னார்கள். இரண்டு வயதுத் தென்றலை இடுப்பில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருந்தாள். மூக்கிலிருந்து வந்த ரத்தத்தை முந்தானையால் அழுத்தியிருந்தாள். ஜெயங்கொண்டம் பஸ் வருவதற்குள் புருஷன் வேணுகோபாலும் இரண்டு பங்காளிகளும் வந்துவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கொல்லையில் தூர்த்த கிணற்றின் மேல் நிற்கவைத்து, இனி வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அடித்தாள். அதன் பிறகு வேணுகோபால் கை நீட்டுவது குறைந்துபோனது. தேவைப்படவில்லை.

பூவாடைக்காரியின் பெயர் தைலம்மை. வேணுகோபாலுக்கு எள்ளுப்பாட்டி முறை. புருஷன் வெளியூர் போயிருந்த நாளில் மாமியார் ஒரு பழிச்சொல் சொல்லிவிட்டாள். மூன்று வயது மகனைத் தூங்கப் போட்டுவிட்டு, தைலம்மை கிணற்றில் இறங்கிவிட்டாள். உடம்பு மேலே வரவேயில்லை. கிணற்று விளிம்பில் மெட்டிகள் மட்டும் கிடந்தன. பிறகு ஒரு பஞ்சத்தில் கிணற்றைத் தூர் வாரியபோது இரண்டு குடமும் ஒரு ராட்டினமும் கிடைத்ததே தவிர ஒரு எலும்பும் கிடைக்கவில்லை. சாமிக்கு ஏது எலும்பு என்றார்களாம். சாகப்போகிறவள் எதற்கு மெட்டியைக் கழற்றி வைக்கவேண்டும் என்று ஹேமலதாவுக்குத் தோன்றியதுண்டு. யாரிடமும் கேட்டதில்லை.

பெட்டியை வெயிலில் வைக்க வெளியே எடுத்தபோது வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. திருச்சி வாடகைக் கார். பேன்ட்டும் தொளதொளத்த சட்டையும் போட்ட ஒரு கிழவி இறங்கினாள். கிராப்பு வெட்டிய நரைமுடி, நெற்றியில் பெரிய பொட்டு. கை கூப்பினாள். எழுத்துக்கூட்டுவது போல ஒரு சொல்லைச் சொன்னாள்.

"மேலவூடு?" ஊரில் அந்த வீட்டுக்கு அதுதான் பெயர்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த பூங்காவனம் நிமிர்ந்தாள். "எவடி இவ? துணியப் பாத்தா வெள்ளக்காரி, வாயத் தொறந்தா நம்மூருக்காரி."

டிரைவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் வழி கேட்கும் அளவுக்குத்தான். ஹேமலதா அரியலூர் அரசுக் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள். அந்தப் படிப்பு இத்தனை வருடம் பூச்சிமருந்து டப்பாவைப் படிக்கப் பயன்பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் பெயர் சிந்தாமணி. தென்னாப்பிரிக்கா, டர்பன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அறுபத்தெட்டு வயது. தன் கொள்ளுப்பாட்டியின் ஊரைத் தேடி ஏழு வருடமாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

கப்பல் பதிவேட்டின் நகல். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களை ஏற்றும்போது துரைமாரின் குமாஸ்தா எழுதியது. சாய்ந்த கையெழுத்து. ஹேமலதா விரல் வைத்துப் படித்தாள். சென்னைத் துறைமுகம், மார்ச் 1896. பெயர் தைலம்மை. வயது 22. ஜில்லா திருச்சினாப்பள்ளி, தாலுகா உடையார்பாளையம், கிராமம் விக்கிரமங்கலம், இதே ஊர். உடன் வருபவர் யாருமில்லை. கடைசிக் கட்டம் உடம்பில் உள்ள அடையாளங்களுக்கானது. இரண்டு முன்கைகளிலும் சூட்டுத் தழும்பு என்று அதில் எழுதியிருந்தது.

இன்னொரு முறை படித்தாள். காற்று காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாவாம்?" என்றாள் பூங்காவனம்.

 சிந்தாமணி பேசிக்கொண்டிருந்தாள். கொள்ளுப்பாட்டி தன் ஊரைப் பற்றிப் பேசவே மாட்டாளாம். ஆனால் வருடா வருடம் தைப்பொங்கலன்று முதல் இலையைத் தனியாகப் போட்டு வைப்பாள். பொழுது சாயும்வரை அதை யாரும் தொடக்கூடாது. ஊரில் விட்டுவிட்டு வந்த பையனுக்கு. பாட்டிதான் தனக்கு இதைச் சொன்னாள் என்றாள். பையனின் பெயரையும் சொன்னாள். அதை மட்டும் தமிழில், சின்ன வயதிலேயே மனப்பாடம் ஆனதுபோலத் தெளிவாகச் சொன்னாள்.

"ஆண்டவர்."

பூங்காவனத்தின் மடியிலிருந்து முறம் சரிந்தது. ஆண்டவர் அவள் மாமனாரின் அப்பா. மேலக்காட்டு நிலம் இரண்டு ஏக்கர் இன்னும் அவர் பெயரில்தான் கிடக்கிறது. பூண்டுப் பற்கள் தரையில் உருண்டன. அவள் பொறுக்கவில்லை.

"இல்லன்னு சொல்லிப்புடு" என்றாள். "அப்புடி ஆரும் இங்க இல்லன்னு சொல்லு. பங்குக்கு வந்திருக்கா."

"அத்த, அவங்க ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டாப் போதுங்கறாங்க."

"மொதல்ல பிடி மண்ணுன்னுதான் கேப்பாங்க."

தென்றல் உள்ளேயிருந்து வந்து அம்மாவின் தோளை ஒட்டி நின்றாள். சிந்தாமணி ஒரு போட்டோவை எடுத்தாள். தகர வீட்டின் முன்னால் நாற்காலியில் ஒரு கிழவி. கண்ணாடி போட்டிருந்தாள். சேலைக்குக் கீழே ஆம்பளை பூட்ஸ். மடியில் ஒரு தோல் பை, அதன் மேல் இரண்டு கையும். முழுக்கை ரவிக்கை மணிக்கட்டு வரை இருந்தது. சாமியறையில் நூறு வருடமாக மஞ்சளில் பிடித்து வைத்த முகமில்லாத ஓர் உருவத்துக்குத்தான் பொட்டு வைத்தார்கள். முகம் இதுதான். பெரிய முன்பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அங்க போயி நல்லா இருந்துச்சாமா?" என்றாள் தென்றல். ஹேமலதா கேட்டுச் சொன்னாள். தோட்டத்தில் ஐந்து வருடம் ஒப்பந்த முறி எழுதிக்கொடுத்த வேலை. பிறகு கூடையில் காய்கறி சுமந்து விற்றாள். அங்கே ஒருத்தனைக் கட்டிக்கொண்டாள். ஆறு பிள்ளை. அவனும் ஒருநாள் அடித்தான். அன்றைக்கே அவன் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டாள். எழுபத்தேழு வயது வரை இருந்தாள்.

தென்றல் போட்டோவைத் திருப்பித் தரவில்லை. வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் படையலுக்கு வரும்படி சொல்லி, ஹேமலதாவே சிந்தாமணியை அரியலூர் லாட்ஜுக்கு அனுப்பி வைத்தாள். மாமியாரைக் கேட்கவில்லை. வேணுகோபால் நாலு மணிக்கு மக்காச்சோளக் காட்டிலிருந்து வந்து கை கால் கழுவினான். காகிதத்தை அவன் முன்னால் வைத்தாள். இருபத்தைந்து வருடத்தில் அவனிடம் இவ்வளவு நேராக நின்று அவள் பேசியதில்லை.

"உங்க சாமி சாவல. கெளம்பிப் போயிட்டா."

அவன் எல்லாவற்றையும் கேட்டான். குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்து, "பங்கு எதுவும் கேக்கறாளா?" என்றான்.

"இல்ல."

"எழுதிக் குடுப்பாளா?"

"குடுப்பாங்க. நான் அதச் சொல்லல. ரெண்டு கையிலயும் சூடு போட்டிருக்காங்க. இந்த வூட்டுலதான் போட்டிருக்காங்க. தாங்க மாட்டாம போயிருக்கா. அவ சேலைய நாளைக்குப் புள்ளைக்குக் கட்டி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அனுப்புவீங்க?"

துண்டால் முகத்தை இரண்டு தடவை துடைத்தான். பங்காளி இளவரசனுக்குப் போன் பண்ணுவதற்காக எழுந்தவன் நின்றான். "நாளைக்கு எல்லாரும் வருவாங்க. நீயே படிச்சிக் காட்டு. நாலு பேரு முடிவு பண்ணட்டும்."

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு நோட்டுத் தாளில் அந்தக் காகிதத்தைத் தமிழில் எழுதினாள். எந்தச் சொல்லையும் விடவில்லை. சூட்டுத் தழும்பு என்பதன் கீழே கோடு போட்டாள். பிறகு கோடு வேண்டாம் என்று வேறு தாளில் எழுதினாள். தென்றலிடம் போய் வலது காதில், "நாளைக்கு நீ போவ மாட்ட" என்றாள். தென்றல் தலையாட்டவில்லை. அவளைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாற்பது பேர் வந்திருந்தார்கள். தூர்த்த கிணற்றின் மேல் சாணி மெழுகிக் கோலம் போட்டிருந்தது. சிந்தாமணி அரியலூரில் வாங்கிய பட்டுச்சேலையை யாரோ கட்டிவிட, தடுக்கித் தடுக்கி நடந்து வந்தாள். இளவரசன் பெட்டியைத் திறப்பவன். நான்கு தலைமுறையாக அந்த உரிமை அவன் வீட்டுக்கு. திறப்பதற்கு முன்னால் வேணுகோபால் கை காட்ட, ஹேமலதா முன்னால் வந்து நின்றாள். ஆம்பளைகள் முன்னால் அப்படி நின்று அவள் எதையும் படித்ததில்லை.  கப்பலின் பெயரைப் படித்தாள். தேதியைப் படித்தாள். உடன் வருபவர் யாருமில்லை என்பதைப் படித்தாள்.  ஒரு குழந்தை இருமியது. கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள்.

"ரெண்டு கையிலயும் சூட்டுத் தழும்பு. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்று தன் வார்த்தையாகவும் சேர்த்துச் சொன்னாள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. வயதான பெண்கள் சிலர் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியும் என்று ஹேமலதா நினைத்தாள். இப்போது ஒருத்தி வாயைத் திறந்தால் போதும்.

இளவரசன் வாயைத் திறந்தான். "தீச்சட்டி எடுத்த கைடா அது!"

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "கையில ஏந்துன நெருப்பு, வேற என்ன? கெணத்துல எறங்குனவ எங்க போனா எங்க போனான்னு நாலு தலமொறையா கேட்டமே! கடலுக்கு அந்தாண்ட போயி எழுந்திருக்காடா! வெள்ளக்காரனே எழுதி வச்சிருக்கான்!"

ஒரு கிழவி குலவை இட்டாள். பிறகு எல்லாப் பெண்களும். உடுக்கை அடிக்கிறவன் தன் வேலையை ஆரம்பித்தான்.

"கப்பல்ல போனா!" என்று ஹேமலதா கத்தினாள். "நடந்து போயி, பேரக் குடுத்து, கப்பல்ல ஏறிப் போனா!"

"சாமி எதுல போனா என்ன ஆயி?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர், சமாதானமாக. "ஒனக்குக் குடுத்து வச்சிருக்கு. ஒன் வாயால சொல்ல வச்சிருக்கா பாரு."

அவள் வேணுகோபாலைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக் கை கூப்பியிருந்தான். அந்த முகத்தில் ஆச்சரியம் என்பது துளியும் இல்லை. நேற்று போனில் எவ்வளவு நேரம் பேசினான் என்று யோசித்தாள்.

சிந்தாமணி அவள் கையைப் பிடித்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். உங்கள் கொள்ளுப்பாட்டியைச் சாமி என்கிறார்கள், தழும்பு சாமிக்காக நெருப்பு ஏந்தியதால் வந்தது என்கிறார்கள் என்று ஹேமலதா சொன்னாள். அடுத்து "அது பொய்" என்று சொல்ல இருந்தாள். அதற்குள் அந்த முகம் உடைந்துவிட்டது. எப்போதும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாளாம், கேட்டால் பேசமாட்டாளாம், இப்போதல்லவா புரிகிறது என்று அழுதுகொண்டே சொன்னாள் கிழவி. பூங்காவனம் வந்து அவளை அணைத்துக்கொண்டாள். "அழுவாத தாயி. நம்ம வூடு இது." இருவரும் ஒரே உயரம். ஒரே மாதிரி பெரிய முன்பற்கள் கூட. பூங்காவனம் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், அவளுக்கு எப்படி அந்தப் பல் வரும் என்று ஹேமலதாவுக்கு அந்த நேரத்திலும் ஓடியது.

பெட்டியைத் திறந்தார்கள். தென்றலை உள்ளே அழைத்துப்போய்ச் சேலையைக் கட்டி வெளியே கொண்டுவந்தார்கள். அவள் மறுக்கவில்லை, ஒத்துழைக்கவும் இல்லை. திருநீற்றுத் தட்டைக் கையில் கொடுத்தார்கள். சேலை கட்டியவள் அன்று பொழுது சாயும்வரை பூவாடைக்காரிதான். காலில் விழுகிறவர்கள் அவள் திருநீறு பூசிவிட்ட பிறகுதான் எழவேண்டும். இளவரசன் விழுந்தான். வேணுகோபால் மகளின் காலில் விழுந்தான். சிந்தாமணி முட்டி நோக மண்டியிட்டாள். ஹேமலதாவும் விழுந்தாள். நெற்றியில் பட்ட கட்டைவிரல் சில்லென்று இருந்தது. நிமிர்ந்தபோது தென்றல் அடுத்து விழுந்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் வேணுகோபால்தான் சொன்னான். "அம்மா எப்புடியும் திருச்சிதான போவணும். பெரம்பலூர் போயி பைபாஸ் புடிச்சா வழுவழுன்னு போயிடலாம். பூவாடைக்காரி பேத்தியே புள்ளையக் கொண்டாந்து வுட்டா அதுக்கு மேல என்ன பாக்கியம்?" சிந்தாமணிக்கு அது குத்துமதிப்பாகப் புரிந்தது. சந்தோஷமாகத் தலையாட்டினாள். பேச்சுத்துணைக்கு ஹேமலதாவையும் ஏறச் சொன்னார்கள்.

அரியலூர் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னால் கார் ஊர்ந்தது. முன்சீட்டில் தென்றல். அவள் மடியில் தட்டு. ஹேமலதா பின்சீட்டில் சிந்தாமணியிடம் பேசினாள். இலக்கணம் இல்லாத இங்கிலீஷ். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றாள், கையால் காட்டினாள். சூடு யார் போட்டிருப்பார்கள் என்று சொன்னாள். தன் மூக்கைச் சொன்னாள். மகளின் காதைச் சொன்னாள். இந்தக் கார் எங்கே போகிறது என்பதையும், அந்தச் சேலை எதற்கு என்பதையும் சொன்னாள்.

சிந்தாமணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு பிடி மண் முடிந்த கைக்குட்டை அவள் உள்ளங்கையில் இருந்தது. பிறகு மெதுவாகப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூலி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் பெருமை என்று சொல்ல ஒன்றும் இருந்ததில்லை, கூடை சுமந்த ஒரு கிழவியைத் தவிர. இன்றைக்கு நாற்பது பேர் அவள் பெயரைச் சொல்லி மண்ணில் விழுந்தார்கள். இதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே. இன்றைக்கு மட்டுமாவது.

கொஞ்ச தூரம் போன பிறகு, உன் மகளைப் பார்த்தால் பயந்தவள் மாதிரி தெரியவில்லை என்றாள்.

ஹேமலதா முன்சீட்டில் தெரிந்த மகளின் பின்னந்தலையைப் பார்த்தாள். 

பெரம்பலூர் துறைமங்கலத்தில் சந்துக்குள் கார் நுழைந்தபோதே வாசலில் கூட்டம் தெரிந்தது. வேணுகோபால் போனில் சொல்லியிருக்கிறான். உரக்கடையைப் பாதி ஷட்டர் இறக்கியிருந்தார்கள். சரத்குமார் தலைக்குக் குளித்து வேட்டி கட்டியிருந்தான். அவன் அம்மா ஆரத்தி சுற்றி, சம்பந்தி அம்மாவையும் வெளிநாட்டு அம்மாவையும் வாங்க வாங்க என்றாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எம்மாடி, சேலையோட வந்து நிக்கறா பாரு. நின்னுக்கிட்டே இருக்கியேடா, வுழுந்து கும்புடு. சாமிடா" என்றாள் மகனிடம்.

சரத்குமார் கூச்சத்தோடு சிரித்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, வாசல் சிமெண்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கைகளைத் தலைக்கு மேல் நீட்டிக் கூப்பினான். விரல்நுனி தென்றலின் கால்விரலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. காலையில் முடிவெட்டியிருக்க வேண்டும்; பின்னங்கழுத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

தென்றல் கீழே பார்த்தாள். தட்டு இடது கையில் இருந்தது. வலது கை தொங்கிக்கொண்டிருந்தது.

"பூசி வுடும்மா" என்றாள் மாமியார்.

அவள் குனியவில்லை. சிந்தாமணி போனை உயர்த்திப் படம் எடுத்தாள். பிறகு இறக்கிவிட்டு ஹேமலதாவைப் பார்த்தாள். ஹேமலதா எதையும் மொழிபெயர்க்கவில்லை. டிரைவர் என்ஜினை நிறுத்தினான். மாடியில் நின்ற பெண்களில் ஒருத்தி மற்றவளின் கையைப் பிடித்தாள்.

"அம்மாடி... பாவம், சிமெண்டு சுடுது அவனுக்கு" என்றாள் மாமியார்.

சரத்குமாரின் விரல்கள் ஒருமுறை பிரிந்து, மறுபடி சேர்ந்துகொண்டன. அவன் எழவில்லை. எழ முடியாது. தென்றல் நின்றுகொண்டிருந்தாள். சந்துக்குள் ஆடிக்காற்று புகுந்து, தட்டிலிருந்த திருநீற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனது.